சிவநேசம் குளிக்க வார்த்த அம்பிளிபையர்

அருமைராசா துறைமுகத்து வேலை முடிந்து வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுப் பையை வைக்கக் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே விறைத்துப்போய் நின்றுவிட்டார்.

அவருடைய மனுசி சிவநேசம், தொட்டியில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, கிழமைக்கணக்காக இருந்து ஒட்டின அம்பிளிபையரைப் பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல உள்ளங்கையில் ஏந்தி, கோப்பை கழுவுகிற சோப்பும் போட்டு, பல்லுத் தீட்டுகிற பிறஸ்ஸால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரை முழங்கை வரைக்கும் வழிந்தது.

"ஐயோ! என்னப்பா செய்யிறீர்? கரண்டுச் சாமானை ஆர் தண்ணியில கழுவிறது?"

அருமைராசா சாதாரணமாகக் கதைத்தாலே அலுமாரிக்குள் தேத்தண்ணிக் குவளை கிலுங்கும். அன்றைக்குச் சொல்லவா வேண்டும். சிவநேசம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கத்தாதேங்கோ. பக்ரரியில எல்லாம் கழுவித்தான் அனுப்பிறது. அழுக்கோட ஆர் சாமான் விக்கிறது?"

"உமக்குப் பைத்தியம்!"

"பைத்தியம் உங்களுக்குத்தான். எனக்கு இது தொழில்."

தொழில் என்று அவள் சொன்னது பொய்யில்லை. மொன்றியலுக்கு வந்து பனி பார்த்துப் பயந்த முதல் வருசமே சிவநேசம் அந்த எலெக்ற்றோனிக் பக்ரரியில் சேர்ந்தவள். வேலை இதுதான். இடப்பக்கத்திலிருந்து பச்சைப் பலகை ஒன்று வரும். முன்னால் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து, அதன் ஓட்டைகளுக்குள் அரிசியும் பயறும்போல இருக்கிற சின்னச் சாமான்களைக் குத்தி, சோல்டர் ஈயம் காய்ச்சி ஒட்டி, வலப்பக்கம் தள்ளிவிட வேண்டும். தள்ளினதும் அடுத்த பலகை வந்து நிற்கும். இடப்பக்கத்துக்கு முன்னால் என்ன, வலப்பக்கத்துக்குப் பிறகு என்ன என்று அவள் கேட்டதுமில்லை, ஆரும் சொன்னதுமில்லை. அது விமானத்துக்குப் போகிறதோ, ஆசுபத்திரிக்குப் போகிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். தான் ஒட்டின பலகை ஒன்று உயிரோடு வேலை செய்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை. சாப்பாட்டுக்குப் போகிற வழியில், தூரத்து இரும்பு அலுமாரி ஒன்று திறக்க, ஆவி பறக்கப் பறக்கப் பலகைகள் நனைந்து மின்னிக்கொண்டு வெளியே வருவதை மட்டும் கண்டிருக்கிறாள். அதனால் கழுவுவார்கள் என்று தெரியும். அவ்வளவு தெரிந்தால் போதாதா என்ன?

அம்பிளிபையர் செய்ய வேண்டி வந்தது வீட்டுக்காரரால்.

வீட்டுக்காரர் சல்வத்தோரே என்று ஒரு இத்தாலிக் கிழவர். பெண்சாதி செத்துப்போய்த் தனிய இருந்தார். மொன்றியல்-நோரில் அவருக்கு இருந்த மாடிவீட்டில் கீழே அவர், மேலே இவர்கள். நல்ல மனிதர். பின்வளவில் பாதியைச் சிவநேசத்துக்குக் கொடுத்திருந்தார். அவருடைய தக்காளிக்குப் பக்கத்தில் இவளுடைய கத்தரியும் மிளகாயும். பாண் சுட்டால் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தருவார். போன கோடை முழுக்க வளவில் காணும்போதெல்லாம், "மடாம், சுகமாய் இருக்கிறீங்களா? உண்மையாய்ச் சுகமா? எந்த நேரமானாலும் என்ரை கதவில தட்டலாம்" என்று பிரெஞ்சில் கேட்பார். கேட்கும்போது கண் கலங்கும். பாவம், தனிமை என்று நினைத்து இவளும் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி இரண்டு கத்தரிக்காயைக் கையில் வைப்பாள்.

அப்படிப்பட்ட மனிதர் மாசி மாதம் ஒருநாள் படியேறி வந்து, வாசலில் நின்று, அருமைராசாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மேலே இருந்து வரும் சத்தத்தை இனி என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் யூலையில் வீடு என் மருமகனுக்கு."

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் முடிகிற யூலை முதலாம் தேதி வந்தால் பாதிச் சனம் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு மாறும். ஆனால் சிவநேசம், ஓடி ஓடி மாறினவள். சொந்த மண்ணில் மாறி, கொழும்பில் மாறி, இங்கே வந்தும் கரப்பான் பூச்சி வீடு, குளிர் வீடு, மேற்கூரை ஒழுகின வீடு என்று மாறி மாறி, கடைசியில் இங்கேதான் ஒரு பிடி மண்ணைக் கிண்டினவள். "இனி நான் பெட்டி கட்டமாட்டன். என்னைப் பெட்டிக்குள்ள வைச்சுத்தான் இறக்க வேணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

சத்தம் என்றால் ரீவிச் சத்தம். வேறென்ன? அருமைராசாவுக்குத் துறைமுகத்துக் கொட்டிலில் போர்க்லிஃப்ற் ஓட்டி, கொண்டெயினர் இரும்போடு இரும்பு மோதுகிற இடியைக் கேட்டுக் கேட்டுக் காது போய்விட்டது. ரீவியைச் சுவர் அதிர வைத்தால்தான் அவருக்குக் கேட்கும். காது டொக்ரரிடம் போகச் சொன்னால், "நான் என்ன செவிடனோ? செவிட்டு மிசின் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் பெடியள் சிரிப்பாங்கள்" என்று எரிந்து விழுவார்.

ஹெட்போன் வாங்கி ரீவியில் குத்திப் பார்த்தாள். "காதுக்குள்ள நுளம்பு பாடுது" என்று அவர் கழற்றி எறிந்தார்.

பக்ரரியில் பலகைகளைச் சோதிக்கிற பக்கத்தில் யோலாந்த் என்று ஒரு எயிற்றி நாட்டுக்காரி, சிவநேசத்தின் சிநேகிதி. அவள்தான் சொன்னாள்: "ரீவிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் சத்தத்தைக் கூட்டுகிற ஒரு சின்ன அம்பிளிபையர் வை. வாங்காதே, நீயே செய். உன் கையைப்போல கை இந்தத் தளத்தில் இல்லை." படமும் அவளே தந்தாள். தீப்பெட்டிச் சைஸ் பலகை, எட்டுக் கால் முளைத்த கறுப்புச் சாமான் ஒன்று, சதுரப் பற்றறி இரண்டு, வொலியூம் திருகி, வயர் குத்துகிற இரண்டு ஓட்டை. எல்லாவற்றையும் இனிப்பு வந்த ஒரு ரொபி ரின்னுக்குள் அடக்கி மூட வேண்டியதுதான்.

சிவநேசம் ஒட்டினாள். அப்படி ஒட்டினாள், பாருங்கோ! ஒவ்வொரு ஒட்டும் பனித்துளிபோல மினுங்கியது. ஒட்டி முடித்துவிட்டு, பக்ரரி முறைப்படி குளிக்க வார்த்தாள். அந்த நேரத்தில்தான் மனிசன் வந்து கத்தினது.

கழுவினதைத் தலைமயிர் காய வைக்கிற மிசினால் ஊதி, கோப்பைகளுக்கு நடுவில் நிறுத்திவைத்து, அடுத்த நாள் பற்றறி பூட்டி, ரீவிக்குக் கீழே இருந்த டிவிடி மிசினில் குத்தி, அருமைராசாவின் தலையில் ஹெட்போனைக் கொழுவினாள். திருகியைத் திருப்பினாள்.

அருமைராசா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். ஹெட்போன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"காதுக்குள்ள ஆரோ அப்பளம் நொறுக்கிறான்! என்னைக் கொல்லப் பாக்கிறீரோ?"

சிவநேசம் தானே போட்டுப் பார்த்தாள். உண்மைதான். கர்ர் என்று ஒரு இரைச்சல், திருகியைத் தொட்டால் படபடவென்று வெடி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு திரும்பவும் வெடி. இவ்வளவு காலம் ஒட்டித் தள்ளின பலகைகள் எல்லாம் இப்படித்தான் எங்கேயோ கத்திக்கொண்டிருக்கின்றனவோ?

"என்ரை ஒட்டில பிழை இராது" என்றாள்.

"அப்ப ஆற்றை ஒட்டில?"

"வாயை மூடுங்கோ."

பிடிவாதக்காரி விடுவாளா? பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு ஒட்டாய்ப் பார்த்தாள். பற்றறி மாற்றினாள். எட்டுக்காலை மாற்றினாள். சந்தேகப்பட்ட இடமெல்லாம் திரும்பக் காய்ச்சினாள். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சாமானாய்த் தட்டினாள். எதைத் தட்டினாலும் அடங்கி இருந்தது, திருகியைத் தட்டினால் மட்டும் வெடித்தது. போதாததற்கு, மினுங்கின ஒட்டெல்லாம் இப்போது உப்புப் பூத்ததுபோல வெள்ளையாய்க் கிடந்தது. "உமக்குச் சோறு கறி சமைக்கத் தெரியும், அது காணும்" என்று அருமைராசா கத்த, அவள் ரின்னை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் பக்ரரியில் சாப்பாட்டு நேரத்தில் யோலாந்த் ரின்னைத் திறந்து பார்த்தாள். திருகியைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு கேட்டாள்: "இதைக் கழுவினாயா?"

"ஓம், பின்னை?"

"திருகியோடயா?"

"ஓம்."

யோலாந்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சிவநேசத்தின் கையைப் பிடித்து, அவளுடைய கதிரையின் வலப்பக்கமாய், அவள் ஒருநாளும் போகாத பக்கமாய், தளத்தின் மறு அந்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அந்த இரும்பு அலுமாரி நின்றது. அதற்கும் அப்பால் இன்னொரு மேசை. அதில் வரிசையாய்ப் பெண்கள் இருந்து, கழுவிக் காய்ந்த பலகைகளுக்குத் திருகியும் வயர் குத்துகிற ஓட்டையும் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாய் திறந்திருக்கிற சாமான் ஒன்றும் தண்ணிக்குள்ள போகாது. கழுவின பிறகுதான் பூட்டிறது. உன்ரை திருகி தண்ணி குடிச்சிட்டுது. இங்கத்தைச் சோல்டர் தண்ணியில் கழுவுப்படும். நீ கடையில் வாங்கினதில் இருக்கிறது மரத்துப் பிசின். அதுக்கு ஸ்பிரிட் வேணும். தண்ணி பட்டால் இப்படித்தான் வெளுக்கும்."

கழுவுகிற ஆவியை இவ்வளவு காலமும் கண்டவள், அதற்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறதென்று அறியவில்லையே! அந்த மேசைப் பெண் ஒருத்தி இவளைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒரே பலகையை இருவரும் தொட்டுத் தொட்டு வருகிறார்கள், முகத்தை இன்றைக்குத்தான் காண்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, "ஸ்பிரிட்டால கழுவ வேணுமாம்" என்றாள். அருமைராசாவுக்கு எது கேட்காவிட்டாலும் இது கேட்டது. அலுமாரி மேல்தட்டில் இருந்த தன் விஸ்கிப் போத்தலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "அதில்லையப்பா, ஊசி போட முதல் பூசிற ஸ்பிரிட், பாமசியில வாங்கினனான்" என்று கதவுக்கு வெளியே நின்று கத்தவேண்டியதாய்ப் போயிற்று.

அந்த ஸ்பிரிட்டால் வெள்ளையைத் துடைத்து, புதுத் திருகியும் வயர் குத்துகிற புது ஓட்டைகளும் பூட்டி, இந்த முறை தண்ணியில் கழுவாமல், சிவநேசம் தன் தலையில் ஹெட்போனைப் போட்டாள். மகள் கொண்டுவந்து கொடுத்த பழைய பாட்டு டிவிடி ஓடியது. திருகியை மெல்லத் திருப்பினாள்.

பாடுகிறவர் பாட்டுக்கு முன்னால் மூச்சு எடுத்தார். அந்த மூச்சுக் கேட்டது. தபேலாக்காரரின் விரல் தோலில் உரசினது கேட்டது. சிவநேசம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். தான் ஒட்டின சாமான் ஒன்று முதன்முதலாய் அவளுக்குக் கதை சொல்லிற்று.

அன்றிலிருந்து ரீவி ஊமை. அருமைராசா ஹெட்போனும் தலையுமாய் இருந்தார். "இப்பதான் சத்தம் மாதிரிக் கிடக்கு" என்றார், அதையும் கத்தித்தான் சொன்னார். சிவநேசம் நிம்மதியாய் மிளகாய் விதை ஊறப்போட்டாள். யூலைப் பயம் போய்விட்டது என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வங்கியில் வேலை செய்கிற மகள் அஜந்தா பக்கத்து வில்லரேயிலிருந்து வந்து, தாயோடு குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அருமைராசா முன்னறையில் ஹெட்போன் போட்டு றெஸ்லிங் சண்டை டிவிடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விருப்பமான தடியன் கீழே விழுந்து எழும்பினான்.

"அடி! அடியடா அவனுக்கு! விடாதை! கொல்லு!"

படியில் தடதடவென்று காலடி. கதவு திறந்தது. வாசலில் சல்வத்தோரே. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கையில் மண்வெட்டியோடு.

அஜந்தாவின் கையில் இருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணி நிலமெல்லாம் ஓடியது. கிழவர் குசினிக்குள் வந்து சிவநேசத்தை மேலும் கீழும் பார்த்தார். கை, கழுத்து, முகம். மண்வெட்டியை மெல்லச் சுவரில் சாத்திவிட்டுப் பிரெஞ்சில் கொட்டத் தொடங்கினார். கேட்கக் கேட்க அஜந்தாவின் முகம் வெளிறியது.

"என்னவாம்? ரீவி ஊமையெண்டு சொல்லு. இஞ்சை வந்து பாக்கச் சொல்லு" என்றாள் சிவநேசம்.

"அம்மா, அவர் ரீவியைச் சொல்லேல்லை." அஜந்தா தாயின் பக்கம் திரும்பினாள். "அப்பாவைச் சொல்லுறார். அப்பா ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் கத்திறாராம். அடிக்கிறாரெண்டு நினைச்சிருக்கிறார். அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கேலாது எண்டு சொன்னவராம். உங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிசில சொல்லவோ எண்டு கேக்கிறார்."

சிவநேசம் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். வளவில் கலங்கின கண், "உண்மையாய்ச் சுகமா" என்ற கேள்வி, கதவில் தட்டு என்ற சொல், எல்லாம் ஒன்றாய் வந்து முகத்தில் அடித்தது. அவளும் மெர்சி சொல்லிக் கத்தரிக்காய் கொடுத்தாளே!

"இவரோ? என்னையோ? கரப்பான் பூச்சியை அடிக்கவே என்னைத்தானே கூப்பிடுகிற மனிசன்! அது கத்திறதில்லை, கதைக்கிறது எண்டு சொல்லு!"

அஜந்தா சொன்னாள். கிழவர் தலையை ஆட்டினார். "என் அக்காவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் நம்பப்போவதில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. வீடும் போச்சு, மனிசன்ரை மானமும் போச்சு.

முன்னறையில் இது ஒன்றும் தெரியாமல் அருமைராசா, "காலைப் பிடியடா!" என்றார்.

சிவநேசம் கிழவரின் சட்டைக் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேசை லாச்சியைத் திறந்தாள். பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாட டிவிடி மிசினோடு வந்த மைக் உள்ளே கிடந்தது. அதன் வாலை எடுத்து மிசினில் குத்தி, றெஸ்லிங்கை நிற்பாட்டினாள். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கத்தாமல், குசினியில் பக்கத்தில் நிற்கிற ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

அருமைராசா ரீவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திரும்பி மனுசியின் வாயைப் பார்த்தார்.

"நீரோ கதைச்சது?" என்றார். அவர் வாய் திறந்தபோது சிவநேசம் மைக்கை அவர் வாய்க்குக் கீழே கொண்டுபோயிருந்தாள். சொன்ன சொல் ரின்னுக்குள்ளால் போய் அவர் காதிலேயே இடித்தது. மனிசன் கண்ணை இறுக்கி மூடி, கதிரையோடு பின்னால் போனார்.

"ஆரது கத்திறது!"

அதுவும் இடித்தது.

"நீங்கள்தான்" என்றாள் சிவநேசம் மைக்கில்.

அருமைராசா மைக்கைப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டில் ஆரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்:

"நான் இப்பிடியோ கதைக்கிறனான்?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"கன காலம்."

"ஏன் எனக்கு ஆரும் சொல்லேல்லை?"

"சொன்னனாங்கள். ஒவ்வொருக்காலும் 'ஓம், ஓம்' எண்டனீங்கள்."

அவருடைய கண் நிறைந்தது. அஜந்தா அழுதுகொண்டே கிழவருக்கு மெல்ல மொழிபெயர்த்தாள். சல்வத்தோரே நம்பாததுபோல அருமைராசாவின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் வைத்தார். சிவநேசம் மைக்கில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள், அவ்வளவுதான். கிழவர் "மடோன்னா!" என்று அலறி, ஹெட்போனைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு காதையும் தடவினார். ரின்னைப் பார்த்தார். அருமைராசாவைப் பார்த்தார். இவ்வளவு இடித்தால்தான் இந்த மனிதனுக்குத் 'தேத்தண்ணி ஆறுது' என்பதே கேட்குமா!

சிவநேசமும் அப்போதுதான் அதைப் போட்டுப் பார்த்தாள். இவ்வளவு நாளும் தன் அளவுக்குத் திருகி வைத்துத்தானே சோதித்தவள்! அவருடைய அளவில் ஒரு கணம்கூடத் தாங்க முடியவில்லை. கழற்றிவிட்டுப் புருசனின் காதை, புதிதாய் ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சல்வத்தோரே அருமைராசாவின் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார். "மன்னிக்கட்டாம்" என்றாள் அஜந்தா. "மருமகனுக்கு வேறை வீடு பாக்கலாமாம். ஆனால் காது டொக்ரரிட்டைப் போகவேணுமாம். தன்ரை காரில தானே கூட்டிக்கொண்டு போறாராம்."

அருமைராசா வழக்கம்போல எரிந்து விழ வாயைத் திறந்தார். சிவநேசம் மைக்கை நீட்டினாள். வாயை மூடிக்கொண்டு, "போறன்" என்றார்.

போனார். இரண்டு காதுக்கும் மிசின் பூட்டினார். துறைமுகத்துப் பெடியள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவன் ஒதுக்கமாய் வந்து, அந்த டொக்ரர் எங்கே என்று கேட்டானாம். ரொபி ரின் ரீவிக்குக் கீழேயே கிடக்கிறது. அதைச் சிவநேசம் ஆருக்கும் கொடுக்கமாட்டாள், கேட்டும் பாராதேங்கோ.

யூலை முதலாம் தேதி தெருவெல்லாம் மெத்தையும் பெட்டியும். சிவநேசம் பின் பல்கணியில் நின்று தன் கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருமைராசா பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். தன் குரலைத் தானே கேட்ட நாளிலிருந்து அவருக்கு அதில் பயம். உதடு மட்டும்தான் அசைந்தது.

"என்ன?"

திரும்பச் சொன்னார். திரும்பவும் கேட்கவில்லை.

"ஒரு மண்ணும் விளங்கேல்லை, வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!" என்று சிவநேசம் கத்தினாள்.

கீழே தக்காளிக்குள் குனிந்து நின்ற சல்வத்தோரே திடுக்கிட்டு நிமிர்ந்தார். அண்ணாந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை அருமைராசாவுக்கு நீட்டி, வேண்டுமா என்று கேட்டார்.